கடைசியாக வருபவரின் பெயர்

கண்டியில் பிறந்தவர்களிலேயே ஓட்டப் பந்தயங்களில் மிக அதிகமாகத் தோற்றவர் கண்ணாடி நானாதான். இதில் அவரோடு போட்டி போட ஆளே கிடையாது. அறுபத்திரண்டு வயதில் ஓடத் தொடங்கி, ஓடிய எல்லாவற்றிலும் கடைசியாக வந்தார்.

மூக்குக்கண்ணாடி விற்கும் அவருடைய கடைக்குப் பக்கத்தில்தான் என் போட்டோகொப்பிக் கடை. நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்; தெருவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடி நானா, எனக்கும் அப்படியே. மனைவி காலமான பிறகு வீட்டில் தனி ஆள். ஒரே மகன் கட்டார் நாட்டில். விடிந்ததும் வாவியைச் சுற்றித் தனியாக ஓடுவார். பந்தயம் என்று எங்கே போஸ்டர் ஒட்டினாலும் பெயர் கொடுத்துவிடுவார்.

"சும்மா ஓடுறது போதாதா நானா? எதுக்குப் பந்தயத்துல போய்க் கடைசியா வாறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டீசேர்ட் தாராங்க தம்பி."

அடுத்த முறை கேட்டபோது, ஓடி முடித்ததும் தரும் வாழைப்பழம் என்றார். மூன்றாவது முறை, "நான் ரோட்டக் கடக்க நின்டா ஒரு பஸ்காரனும் நிப்பாட்ட மாட்டான். பந்தயம் அண்டைக்குப் பொலிஸே பஸ்ஸ மறிச்சி என்னய அனுப்புது!" என்றார்.

கடைசி ஆளுக்குப் பின்னால் அம்புலன்ஸ் வருவது வழக்கம். அதனால் ஊரிலுள்ள அம்புலன்ஸ் சாரதிகள் அத்தனை பேரும் அவருக்குச் சிநேகிதர்கள். ஒருமுறை கெலிஓயாப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி இவர் வேகத்துக்கு ஊர்ந்து ஊர்ந்து, சூடேறி நின்றேவிட்டது. மறுநாள் நான் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"நேத்து நான் கடைசி இல்ல தம்பி. அம்புலன்ஸ்தான் கடைசி!"

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிறு காலை எனக்குப் போன் வந்தது. யாரோ ஒரு பெண்.

"நீங்க நூத்திப் பதினேழாம் நம்பர்காரரோட தம்பிங்களா?"

"எனக்கு அண்ணனே இல்லீங்களே."

"அவசரத்துக்குன்னு உங்க நம்பரத்தான் எழுதியிருக்காரு. கண்டியில கண்ணாடிக் கடையாம். எல்லாரும் ஓடி முடிச்சிட்டாங்க, அவர மட்டும் காணல."

த்ரீவீல் பிடித்து, பந்தயம் நடந்த பல்லேகலைக்குப் பறந்தேன். அன்று அம்புலன்ஸ், மயங்கி விழுந்த வேறொருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். முடிவுக்கோட்டுக்கு அரைக் கிலோமீற்றர் முன்னால், ஒரு மதகுச் சுவரின்மேல், சப்பாத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நானா உட்கார்ந்திருந்தார்.

"என்ன நானா, கால்ல அடியா?"

"இல்ல தம்பி. மைக் சத்தம் நின்டு போச்சு. கோட்டத் தாண்டக்குள்ள மைக்குல பேர் செல்லுவாங்க. ஊட்டுல என்ட பேரச் செல்ல ஆளில்லயே. அதக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் ஓடுற. இப்ப போய் என்ன செய்ய?"

பன்னிரண்டு வருடம் பக்கத்துக் கடையில் இருந்தவன் நான். அடுத்து நான் கேட்க வேண்டியிருந்த கேள்வியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"நானா, உங்க பேரு என்ன?"

சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொல்ல வேண்டிய நீளமான பெயர்.

சப்பாத்தைப் போடச் சொல்லிவிட்டு நான் முன்னால் ஓடினேன். அங்கே கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மைக் பெட்டிக்குள் போய்விட்டது. வளைவில் அவர் தலை தெரிந்ததும், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து அந்தப் பெயரை முழுசாகக் கத்தினேன். கதிரை அடுக்கியவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். நொண்டாத குறையாக வந்த மனிதர், கோட்டுக்கு ஓரடி முன்னால் டக்கென்று நின்றுகொண்டார்.

"இன்னொருக்கா செல்லுங்க தம்பி."

சொன்னேன். அதற்குப் பிறகுதான் கோட்டைத் தாண்டினார்.

அன்றிலிருந்து அவர் ஓடிய ஒவ்வொரு பந்தயத்திலும் முடிவுக்கோட்டில் போய் நின்றேன். போன வருடம் மகன் வந்து அவரைக் கட்டாருக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டான். நல்லதுதான், மனிதர் தனியாக இருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் என்ன செய்வதென்றுதான் எனக்கு இப்போது தெரிவதில்லை.