ஒரேஸ்தேயை மறுபடி கூப்பிடாதே

மோந்தெகர்தோ கால்பந்துக் கழகத்தின் மதிப்பிற்குரிய தலைவரும், என் தங்கை நோர்மாவின் மூத்த மகனுமாகிய ஃபெருச்சியோவுக்கு, முப்பத்தொன்பது வருடமாக இந்தக் கழகத்தின் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருக்கும் உன் மாமா அதெல்மோ எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் கல்லீரலுக்கு நீ போயிருக்கிற ஊரின் வெந்நீர்ச் சுனை ஒத்துப்போக வேண்டுமென்று நம் ஊர்ப் புனிதருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன், பெரியதாகவே.

ஓட்டலுக்குப் போன் செய்தால் உன் மனைவி எடுத்து, "அவர் வெந்நீர்ல இருக்கார் மாமா" என்கிறாள். மூன்று நாளாக ஒரு மனுஷன் வெந்நீரிலேயே இருந்தால் வெந்துபோக மாட்டானா? அதனால்தான் இந்தக் கடிதம். உன் தொழிற்சாலை வண்டி நான்கு மணிக்குச் செருப்புப் பெட்டிகளோடு அந்தப் பக்கம் வருகிறது, ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயித்தால் நான்காம் பிரிவில் நிற்போம், இல்லாவிட்டால் ஐந்தாம் பிரிவு. அங்கே கோல் கம்பத்தில் ஆடு கட்டுகிறார்கள். நவம்பரில் நீ ஒரேஸ்தே பிராக்காலியைப் பயிற்சியாளர் வேலையிலிருந்து நீக்கினாய், நான் கை தட்டினேன். அவன் இடத்துக்கு மிலானிலிருந்து கம்ப்யூட்டரோடு ஒருவனைக் கொண்டுவந்தாய், அந்தக் கம்ப்யூட்டர் பதினாறு ஆட்டங்களில் பதினோரு தோல்விகளைக் கலர் கலராக வரைந்து காட்டியது. திங்கட்கிழமை அவனையும் நீக்கிவிட்டாய். இப்போது எல்லாக் கழகத் தலைவர்களும் செய்வதைத்தான் நீயும் செய்யப் போகிறாய் என்று எலிதேயின் பாரில் பேச்சு. முதலில் நீக்கினவனுக்கு ஜூன் முடியச் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, சும்மா உட்கார்ந்து தின்கிறவனையே திரும்பக் கூப்பிட்டால் போச்சு என்று.

கூப்பிடாதே. நீ மறந்திருப்பாய், எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

எழுபத்தாறு செப்டம்பர் பன்னிரண்டு, தூறல், அவனுடைய முதல் ஆட்டம். பத்தொன்பது வயது, தடுப்பாட்டக்காரன், உடம்பைவிடத் தலை பெரிது. வந்த முதல் பந்தை எங்கேயாவது தூக்கி அடிடா என்றால், சுவரைத் தாண்டிக் கன்னியர் மடத்துச் சமையலறைக்குள் அடித்தான். மடத்துத் தலைவி பந்தை இடுக்கிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டாள். "எந்தப் பய அடிச்சான்? நாப்பது பேருக்கு வச்ச தக்காளிச் சட்டி கவுந்து கெடக்கு!" இவன் ஓடிப்போய் அவள் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான், நடுவர் வேறொரு பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார், இவன் விட்டுவந்த ஓட்டை வழியாக எதிரணி கோல் போட்டுவிட்டது. அதற்கப்புறம் பதினைந்து வருடத்தில் ஒன்பது கழகங்கள். இவன் பெட்டியோடு போய் இறங்கிய ஆறு ஊர்கள் அந்தந்த வருடமே கீழ்ப் பிரிவுக்கு இறங்கின, ஏழாவது ஊர்க்காரர்கள் கழகத்தையே மூடிவிட்டு மைதானத்தில் திராட்சை நட்டார்கள், அது நன்றாகக் காய்த்தது. ஆயுளில் மூன்று கோல், அதில் ஒன்று இவன் முதுகில் பட்டுப் போனது, யாரைத் திட்டலாம் என்று அப்போது திரும்பி நின்றிருந்தான். எண்பத்து மூன்று மே மாதம் நம் சட்டையில் ஒரு பெனால்டி அடித்தானே! ஓடி வரும்போதே மனசு மாறி, இடது கால் ஒரு முடிவு, வலது கால் ஒரு முடிவு. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது, கோலுக்குள் போனது இவன் ஷூ. நடுவரே கொஞ்ச நேரம் யோசித்தார் என்றால் பார்த்துக்கொள்.

இப்படிப்பட்டவன் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கி, கழுத்தில் விசிலோடு திரும்பி வந்தான். போன வருடம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மைதானம் முழுக்கச் சுண்ணாம்பால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டான். "அவனவன் அவனவன் கட்டத்துக்குள்ள நிக்கப் பழகணும் அண்ணே" என்றான். "நாளைக்கு ஆட்டத்துக்கு முன்னாடி யாருடா இதை அழிக்கிறது?" என்றேன். "ராத்திரி மழை பெய்யும்னு ரேடியோவுல சொன்னானே." மழை பெய்யவில்லை. எது எந்தக் கோடு என்று நடுவருக்கே விளங்காமல், மைதானத்தின் நட்டநடுவில் நடந்த ஒரு தள்ளுமுள்ளுக்கு அவர்களுக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார். அன்று பாரில் எலிதே, "மிஸ்டர், அடுத்த வாரம் சதுரங்கக் காயையும் எடுத்துட்டு வந்துருங்க" என்றாள். கறிக்கடை துல்லியோ, "எங்க வீட்டுலயும் நாலு கோடு போட்டுக் குடுய்யா, மாமியார் அந்தாண்டையே நிக்கட்டும்" என்றான். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "சர்க்கரையை இப்படித் தள்ளு எலிதே." அவ்வளவுதான். சொரணை இருந்தால்தானே!

அடுத்து மூன்று தோல்வி. பையன்களைத் தனியாகக் கொண்டுபோய் அடைத்து வைத்தால் புத்தி வரும் என்று மலைமேல் துறவிகள் மடத்துக்குக் கூட்டிப்போனான். மூன்று நாள் மௌனம், பிரார்த்தனை, முட்டைக்கோஸ் சூப். நான்காம் நாள் எல்லோரும் இறங்கி வந்தார்கள், லம்பெர்த்தோ மட்டும் வரவில்லை, துறவியாகப் போகிறானாம். அணியிலிருந்த ஒரே இடதுகால்காரன்! நீ ஒரேஸ்தேயை நீக்கியது அந்த வாரம்தான். அதற்கப்புறம் எவன் இவனை வேலைக்கு வைப்பான்? ஞாயிற்றுக்கிழமைக்கு நீயும் கூப்பிடாவிட்டால் இவன் கதை முடிந்தது. முடியட்டும்.

உன் பிள்ளைகளுக்கு நல்ல பற்களும் நல்ல மதிப்பெண்களும், உன் தொழிற்சாலைக்கு நல்ல தோலும், உன் மனைவிக்குப் பொறுமையும் மாதா அருளட்டும். அம்மாவுக்கு என் முத்தம்.

உன் மாமா,
அதெல்மோ

பின்குறிப்பு: எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, இதையெல்லாம் யார் எழுதினார்கள் என்று கேட்பாய். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். நீக்கினதிலிருந்து வீட்டில் உட்கார வெட்கப்பட்டுக்கொண்டு தினமும் என் கொதிகலன் பக்கத்தில் வந்து உட்காருகிற ஒரேஸ்தே ஒருவன்தான் இருந்தான். வேறு வழியில்லை, அவனைத்தான் எழுதச் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவன் மென்று விழுங்கவில்லை. நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் "அப்புறம் அண்ணே?" என்றான். முடிந்தது என்றபோது, "ஒண்ணை விட்டுட்டீங்களே. எண்பத்தாறுல கடைசி ஆட்டத்தன்னிக்குப் பஸ் மாறி ஏறி வேற ஊருக்குப் போயிட்டேன், அந்த ஆட்டத்துக்கே நான் வரல" என்றான். அந்த ஆட்டத்தில் அவன் ஆடினான் என்றே நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஃபெருச்சியோ, எத்தனையோ பயிற்சியாளர்களுக்குத் துவைத்துப் போட்டிருக்கிறேன். தோற்ற அன்று ஒருவன் நடுவரைத் திட்டுவான், ஒருவன் புல்லைத் திட்டுவான், அந்த மிலான்காரன் என் சோப்பைத் திட்டினான். தன் தப்பைத் தானே உட்கார்ந்து எழுதி, விட்டுப்போனதையும் எடுத்துக் கொடுத்தவன் இவன் ஒருவன்தான். மேலே எழுதியிருப்பதெல்லாம் நிஜம், ஆனால் அதை விட்டுத்தள்ளு. ஞாயிற்றுக்கிழமைக்கு இவனையே கூப்பிடு.

இவனைக் கூப்பிடச் சொல்லும் இந்த ஒரு பத்தியை மட்டும் எழுத மாட்டேன் என்று கால் மணி நேரமாக அடம்பிடித்தான், கழுதை. "என்னைப் பத்தி நானே எப்படி அண்ணே எழுதுறது?" என்கிறான். இவ்வளவு நேரம் யாரைப் பற்றி எழுதினானாம்?