நீரூற்றுக்கு மெத்தை

வடிகுழாயின் திருகு குனியேதாவின் கையோடு வந்துவிட்டது. அடுத்த நொடி, தோட்டத்து நீரூற்றின் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் மூக்குக்கண்ணாடியைக் கழுவியது.

"ஆஹா, வடியுது, வடியுது!" என்று குதித்தார்.

ராத்திரி உறைபனி என்று வானொலி சொல்லியிருந்தது. தண்ணீரை வடித்து மூடிவைக்காவிட்டால் கல் தொட்டி விரிசல் விடும். வடக்கு ஜப்பானின் அசாஹிகாவாவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து வருஷா வருஷம் இதை மறந்து, வருஷா வருஷம் மாமியார் நோபுயேயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். இந்த வருஷம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தண்ணீர் நிற்கிற வழியாக இல்லை. செடிகளெல்லாம் மிதந்தன. ஓடிப்போய் வீட்டின் மெயின் குழாயையே மூடினார். நின்றது!

"யாருடா அது தண்ணிய நிறுத்தினது?" குளியலறையிலிருந்து மாமியார் அலறினாள். "தலை முழுக்க சோப்பு! கண்ணு எரியுது!"

"ஒரே நிமிஷம் அத்தை! நல்ல விஷயம்தான் நடக்குது!"

குழாய்க்குள் தேங்கிய மிச்சத்தை ஊதித் தள்ள, மனைவியின் ஹேர் டிரையரை ஈரக் கையோடு சொருகினார். பட்டென்று ஒரு சத்தம். வீடே இருண்டது. ஹீட்டரும் அணைந்தது.

"இப்போ விளக்கும் போச்சா? மாப்பிள்ளை!"

"முடிஞ்சிருச்சு அத்தை, மூட வேண்டியதுதான் பாக்கி!"

வைக்கோல் பாயைப் போர்த்தினார். காற்று அதைப் பக்கத்து வீட்டுக் கூரைக்குக் கொண்டுபோனது. உள்ளே பாய்ந்து, கைக்கு அகப்பட்ட மெத்தையைத் தூக்கிவந்து நீரூற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மாமியாருடைய மெத்தை. இருக்கட்டும், அவளே சந்தோஷப்படுவாள்.

தலையில் துண்டோடு, கண் சிவக்க நோபுயே வாசலுக்கு வந்தாள். மெத்தையைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா அத்தை? இந்த வருஷம் மறக்கல!" குனியேதாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாமியார் பேச்சிழந்து நிற்பதை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை.

அந்நேரம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் இனாமி ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மெத்தையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்னம்மா இது? ராத்திரி உறைஞ்சு அழகா நிக்கற நீரூத்துக்குத்தானே சங்கத்துப் போட்டியில பரிசு! 'எங்க மாப்பிள்ளை எப்படியும் மறந்துடுவார், நம்பி எழுதிக்கோங்க'ன்னு நீங்கதானே பேர் குடுத்தீங்க?"