வெங்கடராமனின் முட்டை வைத்தியம்

வெங்கடராமனின் கோட்டுப் பையில் முட்டை உடைந்தது. அதுவும் அடுக்களை வாசலில், மனைவி ஜகதாம்பாள் எதிரே நிற்கும்போது.

"என்னன்னா இது, பிசுபிசுன்னு?"

"கோந்து. கச்சேரியில காகிதம் ஒட்டற கோந்து."

மல்லேஸ்வரத்து ஐயர் வீட்டுக்குள் முட்டை வந்ததற்குக் காரணம் மகள் பாமா. கணக்கில் நூற்றுக்கு ஒன்பது. இந்த வருஷமும் கோட்டை விட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வரன் பார்க்க மாமனார் தயாராக இருந்தார். வெங்கடராமனுக்கோ அவளை டாக்டராக்க வேண்டும். குழந்தைகளின் மூளைக்கு முட்டைதான் என்று ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துத் தொலைத்திருந்தார்.

மறுநாள் கச்சேரியில் சக குமாஸ்தா நோயலிடம் அழாத குறையாகச் சொன்னார்.

"பாப்பாவை எங்க வீட்டுக்கு அனுப்புங்க சார். என் சம்சாரம் யூனிஸ் ஆம்லெட் போட்டுத் தருவா."

"முட்டை நானே வாங்கித் தரேன்."

நோயல் வீடு கண்டோன்மெண்டில். பாமாவிடம் பலகாரம் என்று சொல்லியாயிற்று. ஜகதாம்பாளிடம்?

"கணக்கு டியூஷன்," என்றார் வெங்கடராமன்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. ஜகதாம்பாள் பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் ஜட்கா வண்டியில் பாமாவோடு பக்கத்து வீட்டுச் சாஸ்திரிகளின் பேத்திகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவாளுக்கு எதுக்குடி டியூஷன்?"

"நாலு குழந்தைகள் நன்னாப் படிச்சா உங்களுக்கு என்ன வந்தது?"

வேதம் ஓதும் வீட்டுப் பெண்களுக்கு ஆம்லெட்! அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிறுத்திவிடலாம் என்றால் பாமாவின் படிப்பு போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு முட்டையை மட்டும் மும்மடங்காக்கினார்.

பாமா தொண்ணூற்றாறு வாங்கினாள். வெங்கடராமன் அவளைக் கட்டிக்கொண்டு கூச்சமில்லாமல் அழுதார். மாமனார் வரன் பேச்சையே எடுக்கவில்லை.

ஜகதாம்பாள் தேங்காய், பழத் தட்டோடு கிளம்பிவிட்டாள்.

"அந்த டீச்சரை நேர்ல பார்த்து நாலு வார்த்தை சொல்லணும்."

வெங்கடராமனும் கூடவே தொற்றிக்கொண்டார். ஜகதாம்பாள் ஜட்காவிலிருந்து தட்டை இறக்குவதற்குள் நோயல் வீட்டு வாசலுக்கு ஓடி, யூனிஸிடம் கிசுகிசுத்தார்.

"அம்மா, உங்களுக்குக் கோடி புண்ணியம். முட்டை விஷயம் மட்டும் வாய் தவறிக்கூட..."

"முட்டையா? அதையெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் தின்னு தீர்த்தாரு, சார். ஐயர் வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வருமா? ராகி அடை சுட்டுக் குடுத்துட்டு, சும்மா உக்காந்திருக்குதுங்களேன்னு தினம் கணக்கு சொல்லிக் குடுத்தேன்."