ரப்பர் அண்ணாத்த மல்லாந்து பார்த்த ரதம்

செங்கல்பட்டு வட்டாரத்திலேயே ரப்பர் அண்ணாத்த அளவுக்கு அழகாகக் கோடு போட்டவர் கிடையாது. போட்ட கோட்டை அவர் அளவுக்கு அழித்தவரும் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில், வீட்டு பிளான் போட்டுத் தரும் ஒரு சின்ன ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். அவர் டிராஃப்ட்ஸ்மேன். காலையில் ஒரு படுக்கையறை வரைவார். மத்தியானம் அதை நாலு அங்குலம் நகர்த்துவார். சாயங்காலம் அழித்துவிடுவார். திருக்கழுக்குன்றத்து லாரிக்காரர் ஒருவர் மாடி வீட்டு பிளானுக்காக நடையாக நடந்தார். அதற்குள் அவர் மகனுக்குக் கல்யாணமாகி, மருமகளுக்குச் சீமந்தமும் முடிந்துவிட்டது. பிளானில் அடுப்படி எந்த மூலை என்பது மட்டும் முடிவாகவில்லை.

கடைசியில் எங்கள் முதலாளி சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம சாயந்திரத்துக்குள்ள பிளான் வரலன்னா வேற எடம் பாத்துக்கய்யா."

ஐம்பது வயதில் வேறு இடம் எங்கே பார்ப்பது? மனுஷன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவரை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற்றினேன்.

"மாபலிபுரம் பத்து தபா பாத்துக்கீறேன்பா" என்று முனகிக்கொண்டே வந்தார்.

ஐந்து ரதத்தில் திரௌபதி ரதத்தின் கூரையைப் பார்த்ததும், "குடிசைய அப்டியே கல்லுல எறக்கிக்கீறான் பாரு" என்றார். கடைசியில் தர்மராஜ ரதம். மேலே சிகரமும் மாடங்களும் சிலைகளும் நகை மாதிரி இழைத்தவை. கண்ணை இறக்க இறக்க வேலை குறைந்துகொண்டே வந்து, அடியில் தூண்கள் அரைகுறையாக நிற்கின்றன. அண்ணாத்த திடீரென்று மணலில் மல்லாக்கப் படுத்துவிட்டார்.

வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, மயக்கம் போலிருக்கிறது என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். காவலாளி விசிலடித்துக்கொண்டே ஓடிவந்தார்.

"இன்னாய்யா, பீச்சுன்னு நெனச்சியா? எந்திரி!"

"இரு நைனா. வேலய எங்க ஆரம்பிச்சான்னு பாத்துகினு கீறேன்."

"எங்க ஆரம்பிச்சா ஒனக்கின்னா?"

"மேலேந்து ஆரம்பிச்சிக்கீறான்! நாமல்லாம் அஸ்திவாரம் போட்டுதான கூரைக்குப் போவோம்? இவன் கூரைய முடிச்சிட்டு கீழ எறங்கிக்கீறான். எல்லாம் ஒரே பாறை. ஒரு சில்லு தப்பா பேந்துச்சின்னா திருப்பி ஒட்ட முடியுமா, சொல்லு?"

காவலாளி அண்ணாந்து பார்த்தார். தினமும் அதன் நிழலில் நிற்கிறவர். "ஆமால்ல" என்று விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரப்பர் அண்ணாத்த எழுந்துபோய், செதுக்கி முடிக்காத கல்லை உள்ளங்கையால் தடவினார்.

"தப்பே வராதுன்னு தெரிஞ்சிகினா உளி வெச்சிருப்பான்? பயந்துகினேதான் வெச்சிருப்பான்பா."

சாயங்கால பஸ்ஸில் செங்கல்பட்டு திரும்பினோம்.

திங்கட்கிழமை பென்சிலைத் தொடாமல் நேராக மையிலேயே இறங்கிவிட்டார். முதலில் மாடி, அப்புறம் கீழ்வீடு. மூன்று மணிக்குப் பிளான் தயார். லாரிக்காரரை எதிரே வைத்துக்கொண்டு முதலாளி அதை விரித்தார். நெற்றி சுருங்கியது.

"மாடிக்கு எப்டிய்யா போறது?"

படிக்கட்டு இல்லை.

ரப்பர் அண்ணாத்தவின் கை பழக்கதோஷத்தில் ரப்பரைத் தேடி மேஜையைத் துழாவியது. மையில் போட்டதை எங்கே அழிப்பது? ஒரு நிமிஷம் பிளானையே பார்த்தவர், பேனாவை எடுத்து வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிப் படிகளை வரைந்தார். கோடு பிசகவில்லை.

"வெளியால வெச்சிக்கலாம் சார்."

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, இதான் கரெக்டு! புள்ளயும் மருமவளும் மேல இருந்துக்கட்டும். வூட்டுக்குள்ள பூந்து போற பேஜாரு இல்ல."

அவர் வேலை தப்பித்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டியபோது பிளான் அவர்தான் போட்டார். கூடத்தில் ஒரு ஜன்னல், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. காற்றும் வராது, வெளிச்சமும் வராது. கேட்டதற்கு, "போட்டது போட்டாச்சி, வுடேன்" என்று சிரித்தார்.

அவர் காலமாகிச் சில வருஷங்களாகிவிட்டன. பெயிண்ட் அடிக்க வந்த மேஸ்திரி, அந்த ஜன்னலை அடைத்துவிடலாம் என்றார்.

"கெடக்கட்டும்பா" என்றேன்.

வாரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, தூசி தட்டி, மறுபடி மூடுகிறேன்.