புல்லைத் தின்னாத ஆடுகள்

வீடியோ பார்த்து விவசாயம் கற்றுக்கொண்டவர்களை ஆடுகூட மதிக்காது. அனுபவித்துச் சொல்கிறேன்.

விஸ்வநத்தம் பக்கம் நானும் என் கணவரும் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. கார்த்திகை மழை விட்டதும் எங்கள் நிலத்தில் இடுப்பளவு புல் நின்றது. கம்பெனி போர்மேன் ஆறுமுகம் அண்ணாச்சி வேலியோரம் வந்து பதமாகத்தான் சொன்னார்.

"இது காய்ஞ்சிருச்சுன்னா எங்களுக்குத் தூக்கம் போயிரும். சீக்கிரம் எடுத்துருங்கம்மா. தீ மட்டும் வச்சுராதீக."

வீட்டில் ஆலோசனை நடந்தது. புல் வெட்டும் மிஷின் வாங்கலாம் என்றார் கணவர். "பிளேடு கல்லுல பட்டா பொறி பறக்கும். பக்கத்துல என்ன இருக்குன்னு மறந்துட்டீகளா?" என்றேன். களைக்கொல்லி என்றார். "கிணத்துத் தண்ணியைக் குடிக்கப்போறது யாரு?" என்றேன். ஆள் விட்டு அறுக்கலாம் என்றார். அதில் குறை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. (ஆனாலும் அது அவருடைய யோசனை. எப்படி ஒப்புக்கொள்வது?)

"ஆடு விடுவோம்" என்று அறிவித்தேன். எங்கோ ஓர் ஊரில் ஆடுகள் வரிசையாக நின்று, சவரம் செய்ததுபோல் புல் மேய்வதை போனில் பார்த்திருந்தேன்.

ஆனைக்குட்டத்தில் ஆடு வளர்க்கும் என் அண்ணன் மனைவி, ஆறு ஆடுகளை மினி வேனில் அனுப்பிவைத்தார். "அதுக புல்லைவிட இலைதழைதான் விரும்பித் திங்கும். பக்கத்துலயே நில்லு" என்று போனில் சொன்னார்.

"எனக்குத் தெரியும் மதினி" என்று வைத்துவிட்டேன்.

ஆடுகள் புல்லை ஒருமுறை பார்த்தன. கல்யாண வீட்டில் உப்புமா போட்டால் சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு நான் ஆசையாக நட்ட எலுமிச்சைக் கன்றை வேர் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றன. நான் கம்பு தேடித் திரும்புவதற்குள், மழையில் சாய்ந்திருந்த வேலியைத் தாண்டி கம்பெனிக்குள் போய்விட்டன. கழுத்து மணிகள் கணகணக்க!

பின்னாலேயே ஓடினேன்.

"ஏலே, வேலையை நிறுத்து! எல்லாரும் கேட்டுக்கு வெளிய போங்க!" அண்ணாச்சியின் குரல் கேட்டது. என்னைப் பார்த்ததும் அது இன்னும் ஏறியது. "அங்கனயே நில்லுங்கம்மா! போனை வெளிய வைங்க! செருப்பைக் கழட்டுங்க! ஆட்டுக் கழுத்துல என்ன, இரும்பு மணியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரும்போடு இரும்பு உரசினாலே பதறுகிற இடம் அது. பெண்கள் கூட்டமாக கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒன்று ஆகியிருந்தால் அத்தனை பேருக்கும் நான்தானே காரணம்? போனை வேலிக்கு வெளியே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்றேன்.

ஆடுகளோ பட்டாசு செய்வதற்காகக் களத்தில் காயவைத்திருந்த காகிதக் குழாய்களை நிதானமாக மென்றுகொண்டிருந்தன. குழாயை ஒட்டிய மைதாப் பசையின் ருசி போலும்.

அண்ணாச்சி வெடிமருந்து அறைகளின் கதவுகளை எல்லாம் சாத்தச் சொன்னார். பிறகு கருவேலங்காய்களைக் கை நிறையப் பறித்துக் குலுக்கியபடி, "ம்பே... ம்பே..." என்று கூப்பிட்டுக்கொண்டே வேலியை நோக்கி நடந்தார். வேலையாட்கள் நிமிர்ந்து பார்க்கவே அஞ்சும் மனிதர்! ஆறு ஆடுகளும் அவர் பின்னால் எங்கள் நிலத்துக்கு வந்துசேர்ந்தன.

"அண்ணாச்சி, மருந்து எதையும் தின்னுருக்குமா?" ஒவ்வோர் ஆட்டின் வாயையும் பார்த்தபடி கேட்டேன்.

"வெறுங் குழாய்ம்மா. மருந்து இன்னும் வைக்கல. ஆட்டுக்கும் ஒண்ணும் ஆகாது, நமக்கும் ஒண்ணும் ஆகல." சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஆட்டின் வாயோரம் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்த பிறகுதான் நானும் சிரித்தேன்.

மறுநாளே வேலியைச் சரிசெய்தோம். இப்போது அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிற, வீட்டில் மாடு வைத்திருக்கும் பெண்கள் சாயங்காலம் வந்து புல்லை அறுத்துக் கொண்டுபோகிறார்கள். புல் காய்வதற்கு வாய்ப்பே இல்லை. (ஆமாம், கணவர் சொன்ன யோசனைதான். அவர் முன்னால் யாரும் இதை வாசிக்க வேண்டாம்.)

ஆடுகள் காகிதம் தின்ற கதை பரவியதிலிருந்து, எங்கள் சொந்தத்தில் யார் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாலும், தாம்பாளத்தை நீட்டுமுன் வாசலை ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்:

"ஆடு எதுவும் நிக்கலையே?"