மிதிக்காமல் ஏறிய சைக்கிள்

கடிகாரம் பழுது பார்ப்பவர் தம் வாழ்க்கையில் எத்தனையோ உறுதியான முடிவுகள் எடுத்திருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட மனைவியிடம் சொன்ன பிறகு உயிரோடு இருந்ததில்லை.

அன்று காலை இன்னொரு முடிவு எடுத்தார்.

"இங்க பாரு, நாளையிலேருந்து நான் காலையில நடக்கப் போறதில்ல."

"சரிங்க. ஓடுங்க."

"விளையாடாதே. என் உடம்புல என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் கூடுதல்தான்."

கடிகாரக்காரருக்கு ரோஷம் வந்தது. ஆறு மணித் தூக்கம் என்பது அவருக்கு உயிர். அந்த நேரத்தில் போர்வையை உருவி, செருப்பைக் காட்டி வாசலுக்கு அனுப்புகிறவளை இன்றோடு நிறுத்தியாக வேண்டும்.

"மலை மலையா சைக்கிள் மிதிச்ச காலு இது, தெரியுமா?"

"அப்படியா? நான் வேலை பார்க்கிற மருந்துக் கடை வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மலை மேல இருக்கிற பழைய கோட்டைக்கு, கூட்டமா சைக்கிள்ல போறாங்களாம். வழிகாட்டி முன்னால வருவாங்க. முடியாதவங்களை ஏத்திக்கப் பின்னால ஒரு வேனும் வரும். நாம ரெண்டு பேரும் போகலாம். வேன்ல ஏறாம கோட்டை வாசலுக்கு வந்துட்டீங்கன்னா, ஜென்மத்துக்கும் உங்களை நடக்கக் கூப்பிட மாட்டேன்."

"ஏறிட்டேன்னா?"

"சாயங்காலமும் சேர்த்து நடக்கணும்."

கடிகாரக்காரர் சம்மதித்தார். அன்று மதியமே கடையைப் பூட்டிவிட்டு, வாடகை சைக்கிள் கடைக்கு ஓடினார். அங்கே ஒன்று இருந்தது. பார்க்க சாதாரண சைக்கிள். உள்ளே மோட்டார். கைப்பிடிக்கு அடியில் ஒரு பட்டன். அழுத்தினால் போதும், மேடு தானாகப் பின்னால் போகும்.

"பார்த்தா தெரியுமாய்யா?"

"எங்களுக்கே சில சமயம் தெரியாது சார்."

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் ஒரு டஜன் பேர் கூடினார்கள். வழிகாட்டி இளம்பெண். கழுத்தில் விசில். "முன்னால என்னைத் தாண்டக் கூடாது. பின்னால வேனைத் தாண்டக் கூடாது. நடுவில் எப்படி வேணும்னாலும் கஷ்டப்படலாம்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினாள்.

பாதை, பீரங்கி இழுத்துப் போவதற்காக என்றைக்கோ கல் பாவியது. இரண்டு பக்கமும் புல்மேடு. வீடு, கடை, மனிதர் எதுவும் இல்லை. இடிந்த மதில்களும் மேயும் ஆடுகளும்தான். தூரத்து உச்சியில் கோட்டை, 'வா பார்க்கலாம்' என்பது போல் நின்றது.

முதல் மேட்டிலேயே எல்லோருக்கும் நாக்கு தள்ளியது. கடிகாரக்காரர் மட்டும் பேசிக்கொண்டே ஏறினார்.

"சார், உங்களுக்கு மூச்சே வாங்கலையா?"

"பழக்கம்தான் தம்பி. அந்த மதில் தெரியுதா? ராஜா அங்கேதான் ஒரு படையையே தனியா நின்னு விரட்டினாராம்."

எந்த ராஜா, எந்தப் படை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க மூச்சு வேண்டுமே. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கதையில் போர் உச்சக்கட்டத்தை அடைந்தபோது மிதிக்கவே மறந்துவிட்டார். கால்கள் சும்மா இருந்தன. சைக்கிள் மட்டும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்தவள் அவர் மனைவி. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவள். கணவனின் கால்களைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கைப்பிடிக்கு அடியில் அவர் கட்டைவிரல் எதையோ அழுத்திக்கொண்டே இருந்ததையும் பார்த்துக்கொண்டாள்.

பாதி வழியில் ஒரு காவல் கோபுரம். எல்லோரும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள்.

"என்னங்க, என் சைக்கிள் சீட் குத்துது. மாத்திக்கலாமா?"

"ஐயையோ, வேண்டாம்மா! இது... ரொம்ப கனம்."

"கனமான சைக்கிளையா இவ்வளவு அலட்டிக்காம ஓட்டிட்டு வந்தீங்க?"

கூட்டம் கைதட்டியது. "சாருக்கு எந்த சைக்கிளா இருந்தா என்ன!" என்றாள் வழிகாட்டி. சார் பல்லைக் காட்டினார். வேறு எதைக் காட்டுவது?

சைக்கிள்கள் கைமாறின. மனைவியின் கட்டைவிரல் பட்டனைத் தேடக்கூட இல்லை. நேராகப் போய் உட்கார்ந்தது. அவள் சேலைத் தலைப்பு காற்றில் பறக்க மேலே போனாள்.

கடிகாரக்காரர் மிதித்தார். சைக்கிள் முனகியது. அவரும் முனகினார். ஒரு ஆடு அவரைத் தாண்டிப் போய், நின்று திரும்பிப் பார்த்தது. வேன் பக்கத்தில் ஊர்ந்து வந்தது.

"ஏறிக்கிறீங்களா சார்?"

"மாட்டேன்!"

"கதவு திறந்தேதான் இருக்கு."

"மூடுய்யா!"

இறங்கித் தள்ளலாம். ஆனால் தள்ளினால் அது நடை. நடக்க மாட்டேன் என்பதற்காகத்தானே இத்தனையும்? தலையணையை நினைத்தார். போர்வையை நினைத்தார். மிதித்தார். கண்ணில் பூச்சி பறந்தது. காதில் விசில் கேட்டது. நிமிர்ந்தால் கோட்டை வாசல்.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். மனைவி துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"ஜெயிச்சுட்டீங்க. இனிமே உங்களை நடக்கக் கூப்பிடவே மாட்டேன்."

கடிகாரக்காரர் ராஜாவைப் போல் மதிலில் சாய்ந்தார். அந்த ஆட்சி ஒரு நிமிஷம் நடந்தது.

"ஏம்மா," என்று மனைவி வழிகாட்டியைக் கூப்பிட்டாள். "நீங்கல்லாம் தினமும் காலையில சைக்கிள் ஓட்டுவீங்களாமே. இவரையும் சேர்த்துக்குங்க."

"தாராளமா! அஞ்சு மணிக்கே கிளம்பிடுவோம். சார் வந்தா எங்களுக்குப் பெருமை."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். கண்ணால் பார்த்த சாட்சிகள் சுற்றி நின்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் மனைவியின் காதோரம் குனிந்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன். அந்த சைக்கிள்ல மோட்டார் இருக்கு."

"தெரியுங்க. எனக்குப் பிடிச்சுப் போச்சு, ஒண்ணு வாங்கிக் கொடுத்துடுங்க. நீங்க தினமும் என்னோட சீட் குத்துற சைக்கிளையே மிதிக்கலாம்."