ஆமென் சொல்ல மாட்டேன், மச்சான்

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய பெரிதான கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். சேர்ந்து சுகமாக இல்லை. அவள் கூடத்தில் சுகம், நான் படுக்கையறையில் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அத்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். அதுவும் தனித்தனியாகத்தான்.

இதை ஃபோனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் ஃபோனில் பேசுவதும் மேடை ஏறிப் பேசுவதும் ஒன்று. ஆகவே இஸ்திரி போடும் பலகையின் மேல் மடிக்கணினியை வைத்து, எங்கள் கப்பல் கம்பெனிக் கணக்கைப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, நின்றபடியே இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களை ஊருக்குக் கூட்டிப் போகத் தூதரகம் ஏற்பாடு செய்திருக்கும் சிறப்பு விமானத்துக்கு உங்கள் தங்கையின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. இடம் கிடைத்ததும் நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். அத்தையை விட்டு "வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வையுங்கள். பிறகு விமான நிலையத்துக்குப் போய் உங்கள் தங்கையை நல்லபடியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். எப்போது திருப்பி அனுப்புவது என்பதை நாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள். ஊரடங்கு போட்ட அன்றே இந்த வீட்டில் இருந்த ஒரே மேசையை உங்கள் தங்கை எடுத்துக்கொண்டாள். மழலையர் பள்ளி டீச்சர் அல்லவா, பிள்ளைகள் எல்லாரும் திரைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், டீச்சர் மேசை இல்லாமல் எப்படி நடத்துவாள் என்று கேட்டாள். எனக்குக் கிடைத்தது இஸ்திரிப் பலகை. அதில் கையை ஊன்றினால் ஒரு பக்கம் சாய்கிறது, ஊன்றாவிட்டால் என் முதுகு சாய்கிறது. அவள் பாடம் நடத்தும் சத்தம் கதவு, சுவர் எதையும் மதிப்பதில்லை. ஒருநாள் எங்கள் மேலாளர் ஏதோ யோசனையில் முகத்தைத் தடவிக்கொண்டே ஏற்றுமதி நிலவரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். சந்தேகம் கேட்பதற்காக நான் என் மைக்கைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை கூடத்திலிருந்து யாரோ ஒரு குழந்தையிடம், மூக்கிலிருந்து விரலை எடு, டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற மொழி எங்கள் மேலாளருக்கும் புரியுமே. அவர் சடாரென்று கையைக் கீழே இறக்கினார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் என் படம் இருக்கும் பக்கம் பார்ப்பதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்களுக்கு மேல்மாடியில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார், லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இன்னும் திரும்பி வரவில்லை, செருப்பு மட்டும் அவர் வாசலில் கிடக்கிறது. அன்றிலிருந்து உங்கள் தங்கையின் கை சும்மா இருக்கவில்லை. தக்காளியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவினாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பால்கனியில் வெயில் காய வைத்தாள். வெங்காயத்தைக் கழுவிக் கழுவி, உரிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் செய்தாள். நான் கடைக்குப் போய்வந்தால் வாசலிலேயே நிற்க வைத்து, உடுப்பைக் கழற்றி நேரே வாஷிங் மெஷினில் போட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்க்காமல் இருப்பதே நல்லது. என் மூக்குக் கண்ணாடியையும் கிருமிநாசினியில் ஊறப் போட்டாள், மேல்பூச்சு உரிந்துவிட்டது. இப்போது எனக்கு உலகமே புகைமூட்டமாகத் தெரிகிறது. கண்ணாடிக் கடையோ திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் ஆராதனைக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள், ஆராதனை கணினிக்குள் வந்துவிட்டது. போதகர் பாட்டைத் தொடங்கினால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சத்தம் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேருகிறது. அவர் கடைசிச் சரணத்தை முடித்து உட்கார்ந்த பிறகும் யாரோ ஒரு வீட்டில் பல்லவி ஓடிக்கொண்டிருக்கும். திருவிருந்துக்கு அப்பமும் திராட்சைச் சாறும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடையில் திராட்சைச் சாறு இல்லை. உங்கள் தங்கை பீட்ரூட்டை அரைத்து வடிகட்டினாள். போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். நிறம் பார்க்கிற ஆண்டவர் இல்லை அவர் என்றாள். பயபக்தியோடு குடித்தேன், பாதி சட்டையில் போயிற்று. என் ஒரே வெள்ளைச் சட்டை, கறை இன்னும் போகவில்லை.

சண்டை எப்படி வந்தது என்றால், நான் இருமினேன். சமையலறையில் அவள் மிளகாயைத் தாளித்தாள், நெடி வந்தது, இருமினேன். மனுஷன் இருமாமல் என்ன செய்வான். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து என்னைப் படுக்கையறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். சாப்பாட்டை வாசலில் வைத்து, தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் தட்டிவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய துணிமணி எல்லாம் என் அறை அலமாரியில் மாட்டிக்கொண்டது, ஆகவே ஒரே சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினாள், அதற்கும் நான்தான் காரணம். காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை, வாசனை தெரிகிறது, வாசனை தெரிந்ததால்தானே இருமினேன் என்று கதவு வழியாக எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் பொறுமை போய், அண்ணனுக்கு இருக்கிற பிடிவாதம் அப்படியே தங்கைக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. அதோடு பேச்சு நின்றது. என்னைத் தனியே வைத்த கெடு முடிந்து தாழ்ப்பாளை ஒரேயடியாகத் திறந்துவிட்ட பிறகும் நின்றது நின்றதுதான்.

ஆனால் குடும்ப ஜெபத்தை நிறுத்த முடியாதே. உங்கள் வீட்டு வழக்கம்தான் எங்கள் வீட்டிலும்: அந்தி நேரத்தில் ஒருவர் ஜெபிக்க வேண்டும், மற்றவர் ஆமென் சொல்ல வேண்டும், பிறகு இவர் ஜெபிக்க அவர் ஆமென் சொல்ல வேண்டும். என்னிடம் பேச மாட்டாளாம், ஆண்டவரிடம் என்னைப் பற்றிப் பேசுவாளாம். "பரலோகப் பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம். பால் தீர்ந்துபோச்சு என்பதை உம்முடைய அடியானுக்கு உணர்த்தும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். நானும் மண்டியிட்டு, "கிருபையுள்ள ஆண்டவரே, பால் வாங்கப் போகிறவனை வாசலில் நிற்க வைத்து மானத்தை வாங்காதபடி இந்த வீட்டாரின் இருதயத்தை இளகப் பண்ணும்" என்பேன். குப்பை எடுக்க வரும் நாள், குளிர்பதனப் பெட்டியின் ஓசை, என் குறட்டை எல்லாமே பரலோகம் போய்த்தான் எனக்குத் திரும்பி வந்தன. இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். அவள் ஜெபத்துக்கு ஆமென் சொன்னால் தப்பு என் பேரில்தான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஆகவே வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். அவளும் என் ஜெபத்துக்குச் சொல்லவில்லை. இரண்டு ஜெபமும் முடிவு தெரியாமல் அப்படியே கூடத்தில் நிற்கும், நாங்கள் எழுந்து சாப்பிடப் போவோம்.

இனிமேல்தான் மானம் கப்பலேறிய கதை. போன புதன்கிழமை சபையின் ஜெபக்கூட்டம், கணினி வழியாகத்தான். போதகர் ஆசீர்வாதம் கூறினார். எல்லாரும் அப்படியே அமர்ந்து கொஞ்ச நேரம் மௌனமாக ஜெபியுங்கள் என்று அதற்குப் பிறகு சொன்னாராம், என் காதில் விழவில்லை. புகைமூட்டக் கண்ணாடி வழியாகக் கூட்டத்தை விட்டு வெளியேறும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் அமுக்கியது எங்கள் படத்தை மட்டும் மறைக்கிற பொத்தான். எல்லாம் முடிந்தது என்று மடிக்கணினியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து மண்டியிட்டேன். உங்கள் தங்கை ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஈரத் துண்டைக் கட்டில்மேல போடறவங்களுக்கு ஓர் உணர்வைக் கொடும். இந்த நோயைக்கூடத் தாங்கிக்கலாம் போல இருக்கு, அந்தத் துண்டைத் தாங்க முடியல."

நான் வழக்கம்போல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது சுவருக்குள்ளிருந்து கனத்த ஆண்குரலில் ஒரு சத்தம் வந்தது: "ஆமென்."

மச்சான், விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆண்டவரே நேரில் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார், அதுவும் எனக்கு எதிராகச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். உங்கள் தங்கை கண்ணைத் திறந்து, அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "கேட்டீங்களா" என்றாள். உடனே பின்னாலேயே ஆண்களும் பெண்களுமாகப் பல குரல்கள் ஆமென், ஆமென் என்றன. முதலில் சொன்னது எங்கள் மூத்த சபை மூப்பர், காது மந்தம், மௌன ஜெபத்தில் எந்தச் சத்தம் வந்தாலும் ஆமென் போட்டுவிடுவார். கடைசியாகப் போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "பிரதர், உங்க மைக் திறந்திருக்கு. பரவாயில்ல, சிஸ்டர் முடிச்சுடட்டும்."

இப்போது நான் எங்கே முகத்தை வைப்பது. பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் எங்கள் குடும்பத்தை ஜெபக்குறிப்பில் சேர்த்திருக்கிறார்கள். மூப்பர் ஃபோன் பண்ணி, துண்டு கிடைத்துவிட்டதா என்று அக்கறையோடு கேட்டார், அவர் காதில் அது தொலைந்துபோன துண்டாக விழுந்திருக்கிறது. ஆண்கள் சிலர் மட்டும் தங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று ரகசியமாகச் செய்தி அனுப்பினார்கள், ஆனால் அன்றைக்கு ஆமென் சொன்ன குரல்களில் அவர்களும் இருந்தார்கள். அன்று ராத்திரியோடு முடிவு செய்து மறுநாள் காலையில் தூதரகத்தில் பெயரைப் பதிந்தேன். எனக்கு ஒரு மேசை வேண்டும், சோப்பு வாசனை இல்லாத ஒரு தக்காளி வேண்டும், விருப்பப்பட்ட நேரத்தில் இரும வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே நான் சொன்ன இரண்டு காரியத்தையும் தயவுசெய்து தாமதிக்காமல் செய்யுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அத்தைக்கு என் மரியாதையான ஸ்தோத்திரம். கொள்ளைநோய் உங்கள் கூடாரத்தை அணுகாதபடி கர்த்தர் காப்பாராக. வெளியே போனால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டால் பல வம்பு குறையும் என்பது என் அனுபவம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள, கறைபட்ட சட்டையோடு நிற்கும்,
தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: இதை அனுப்புவதற்குள் தூதரகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பதிவு செய்யும்போது பயணியின் கைபேசி எண் என்று கேட்ட இடத்தில், பொய் சொல்லக் கூடாதே என்று அவளுடைய எண்ணைக் கொடுத்துவிட்டேன். பாடத்தின் நடுவில் பிள்ளைகளைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பேசினாள், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தியில் மண்டியிட்டோம். மடிக்கணினியை அணைத்து, மூடி, அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் நான் வந்தேன்.

"ஆண்டவரே, எனக்குத் தெரியாம என் பேரைக் குடுத்திருக்கார். சீட்டும் கிடைச்சிருக்கு. அம்மாவைப் பாக்க எனக்கு ஆசைதான், ஆனா அம்மாவை அண்ணன் நல்லா பாத்துக்குவார். இங்க இவரைப் பாத்துக்க யாரும் இல்ல. அன்னிக்கு இவர் இருமினப்போ மேல்மாடி வாசல்ல கிடக்கிற அந்தச் செருப்புதான் கண்ணு முன்னால வந்துச்சு. பயந்துட்டேன். பயமா இருக்குன்னு சொல்லத் தெரியாம தாழ்ப்பாள் போட்டுட்டேன். இந்தச் சீட்டை என்னைவிட அவசரமா போக வேண்டியவங்க யாருக்காவது கொடுத்துடும்."

"ஆமென்" என்றேன். நான் சொல்ல நினைக்கவில்லை மச்சான், அதுவாக வந்துவிட்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அவள் இல்லாத இந்த வீட்டை நினைத்தபோது.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "நான் இன்னும் முடிக்கல" என்றாள், நேரடியாக என்னிடமே.

ஆகவே விமான நிலையத்துக்குப் போக வேண்டாம், அத்தையிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். இவ்வளவு நேரம் நின்றுகொண்டே தட்டியதை அழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். இப்படி ஒரு கடிதம் வந்தது என்பது மட்டும் உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிடுவாள், நான் அதற்கும் ஆமென் சொல்ல வேண்டியிருக்கும்.